ரியோவிலிருந்து வந்த கடிதங்கள்: ஹாம்பர்கரும் லெவி-மொந்தால்சினியும்

கேள்வி: இத்தாலிய நரம்பியல் ஆய்வாளர் ரீட்டா லெவி-மொந்தால்சினிக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருடைய குரு, கருவியலாளர் விக்டர் ஹாம்பர்கர் விடுபட்டுப் போனார் என்று படித்தேன். மாணவி குருவை ஓரங்கட்டிவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். நெருங்கிய நண்பர்கள், நிறையக் கடிதம் எழுதிக்கொண்டவர்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது உண்மை?

பதில்:

குரு, மாணவி என்ற இரண்டு சொற்களையும் முதலில் விலக்கிவிடுங்கள். இந்தக் கதையைத் தவறாகப் புரிந்துகொள்வதற்குப் பாதிக் காரணம் அவைதான். 1947-ல் இருவரும் நேரில் சந்தித்தபோது ஹாம்பர்கருக்கு 47 வயது, ரீட்டாவுக்கு 38. ரீட்டா மருத்துவம் படித்து முடித்து, போர் நடந்துகொண்டிருக்கும்போதே சொந்தமாக ஆய்வு செய்து, கட்டுரையும் வெளியிட்டிருந்தவர். அந்தக் கட்டுரை சொன்ன முடிவு ஹாம்பர்கரின் முடிவுக்கு நேர் எதிரானது. அதைப் படித்துவிட்டுத்தான் ஹாம்பர்கர் அவரை அழைத்தார். தன்னிடம் கற்றுக்கொள்ள வா என்ற அழைப்பு அல்ல அது. நாம் இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டு வேறு வேறு விடை கண்டிருக்கிறோம், சேர்ந்து இன்னொரு முறை பார்ப்போம் என்ற அழைப்பு.

நான் பல வருடங்கள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன். நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் கோழிக்கரு ஸ்லைடு இல்லாத அலமாரி கிடையாது. 24 மணி நேரக் கரு, 48 மணி நேரக் கரு, 72 மணி நேரக் கரு என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். மணிக்கணக்கு வகுப்பறைக்குப் போதும். ஆய்வாளர்கள் மணிக்கணக்கை நம்புவதில்லை, உருவத்தைப் பார்த்துப் பருவம் சொல்வார்கள். கோழிக்கருவின் வளர்ச்சியை 46 பருவங்களாகப் பிரித்த அந்த அட்டவணை 1951-ல் வந்தது. அதைத் தயாரித்த இருவரில் ஒருவர் இந்த ஹாம்பர்கர், மற்றவர் ஹோவர்ட் ஹாமில்டன். இன்றைக்கும் உலகில் எங்கே கோழிக்கருவில் வேலை நடந்தாலும் அந்த அட்டவணைதான் அளவுகோல். அதனால் இவரை நான் பரிசு இழந்தவராக அல்ல, எங்கள் ஆய்வக மேசையிலேயே இருந்தவராகத்தான் அறிவேன்.

ஹாம்பர்கர் ஜெர்மானியர். 1900-ல் சைலீசியாவின் லாண்டஸ்ஹூட் என்ற ஊரில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்பெமானிடம் ஆய்வுப் பட்டம் பெற்றார். ஸ்பெமானின் ஆய்வகத்தில் தவளை, நியூட் போன்றவற்றின் கருக்களில் நுண்ணிய அறுவை செய்வார்கள். அவர்களுடைய கருவிகள் தாமே சூடாக்கி இழுத்துச் செய்துகொண்ட கண்ணாடி ஊசியும், குழந்தையின் மெல்லிய தலைமயிரில் கட்டிய சுருக்கும்தான். அந்தக் கைத்திறனோடு 1932-ல் ராக்பெல்லர் உதவித்தொகை பெற்று ஹாம்பர்கர் சிகாகோவுக்குப் போனார். அங்கே ஃபிராங்க் லில்லி கோழிக்கருவியலில் பெரிய பெயர். கோழிக்கருவின் சிறகு மொட்டை நீக்கினால் தண்டுவடத்துக்கு என்ன ஆகிறது என்று 1909-ல் மேரியன் ஷோரி செய்த சோதனையை, ஸ்பெமானின் ஊசி நுட்பத்தால் இன்னும் துல்லியமாகச் செய்து பார்க்கலாம் என்பது திட்டம்.

ஓராண்டில் திரும்பிப் போவதாக இருந்தவர் அவர். 1933 ஏப்ரலில் ஹிட்லரின் அரசு யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் கொண்டுவந்தது. வேலை போனது என்ற செய்தி சிகாகோவில் இருந்த அவருக்குக் கடிதமாக வந்து சேர்ந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளை உதவித்தொகையை நீட்டித்தது. 1935-ல் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் அங்கேதான்.

அந்தச் சோதனை என்ன என்று சொல்லாமல் மேலே போனால் இருவருக்கும் நடுவில் இருந்த கருத்து வேறுபாடு புரியாது. மூன்று நாள் அடைகாத்த முட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்தால் உள்ளே சிலந்திவலை போல இரத்தக் குழாய்கள் தெரியும். ஓட்டில் சிறு சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டி எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இதயம். சிவப்புப் புள்ளி ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். மாணவர்கள் அதுவரை பேசிக்கொண்டிருந்தாலும் அந்த இடத்தில் அமைதியாகிவிடுவார்கள். அதன் பக்கத்தில் உடலோரமாக, அரிசி முனை அளவுக்குக்கூட இல்லாத ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் சிறகாகப் போகிற மொட்டு. அதைக் கண்ணாடி ஊசியால் நீக்கிவிட்டு, ஜன்னலை மூடி மெழுகால் அடைத்து, முட்டையைத் திரும்பவும் வெதுவெதுப்பில் வைக்க வேண்டும். சில நாள் கழித்துத் தண்டுவடத்தை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தால், சிறகு இல்லாத பக்கத்தில் நரம்புச் செல்கள் குறைந்திருக்கும். எவ்வளவு தசை இல்லாமல் போனதோ அவ்வளவுக்கு நரம்புச் செல்களும் குறைவு.

ஹாம்பர்கர் 1934-ல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொன்னது. அவர் தந்த விளக்கம் இது: சிறகிலிருந்து ஏதோ ஒரு தகவல் மேலே தண்டுவடத்துக்குப் போகிறது. இன்னும் இன்னதென்று ஆகாத இளஞ்செல்களை அது நரம்புச் செல்களாக மாறத் தூண்டுகிறது. சிறகு இல்லையென்றால் தூண்டுதல் இல்லை, ஆகவே நரம்புச் செல்கள் உருவாவதில்லை.

இந்தக் கட்டுரையின் பிரதி ஒன்று இத்தாலியில் ஜுசெப்பே லெவியின் கையிலிருந்து ரீட்டாவுக்குப் போயிருந்தது. டுரின் நகரில் ரீட்டாவுக்கு மருத்துவம் கற்பித்தவர் லெவி. பெயர் ஒன்றாக இருந்தாலும் உறவினர் அல்லர். சால்வதோர் லூரியாவும் ரெனாட்டோ துல்பெக்கோவும் அவரிடம் பயின்றவர்கள். ஒரே ஆசிரியரிடம் படித்த மூவருக்கும் பின்னாளில் நோபல் கிடைத்தது. 1938-ல் முசோலினியின் இனச் சட்டங்கள் வந்தன. யூதரான ரீட்டாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. சில காலம் பிரஸ்ஸல்ஸுக்குப் போய் வேலை செய்தார், பெல்ஜியத்துக்குள் ஜெர்மானியப் படை நுழைவதற்குச் சற்று முன் ஊர் திரும்பினார். 1940 கோடையில், கால்நடை ஏற்றும் பெட்டிகளைப் பயணிகளுக்காக மாற்றியிருந்த ஒரு ரயிலில், தரையில் உட்கார்ந்து கால்களை வெளியே தொங்கவிட்டபடி ஹாம்பர்கரின் கட்டுரையைப் படித்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அதன் பிறகு அவர் செய்ததைப் பலரும் வீரக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது கருவிகளின் பட்டியல்தான். தன் படுக்கையறையில் ஓர் இன்குபேட்டர். தையல் ஊசிகளைத் தீட்டிச் செய்த கத்திகள். கண் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கத்தரிக்கோல். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் இடுக்கி. ஒரு நுண்ணோக்கி. பெல்ஜியத்திலிருந்து தப்பி வந்த லெவியே அந்தப் படுக்கையறைக்கு வந்து மாணவியின் உதவியாளராக உட்கார்ந்தார். குண்டு விழும்போது ரீட்டா நுண்ணோக்கியையும், பார்த்து முடிக்காத ஸ்லைடுகளையும் எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்குவார். டுரினில் குண்டுவீச்சு கடுமையானதும் குடும்பம் அஸ்தி பகுதியின் குன்றுகளுக்குப் போனது. அங்கே சைக்கிளில் பண்ணை பண்ணையாகச் சென்று, குழந்தைகளுக்கு வேண்டும் என்று சொல்லி முட்டை கேட்பார். சேவல் சேர்ந்த முட்டைதான் சத்து என்று சொல்லி அதையே கேட்டு வாங்குவார். கருவை எடுத்த பிறகு மிஞ்சிய மஞ்சள் கரு வீட்டில் ஆம்லெட் ஆனது. உணவுப் பஞ்சம் இருந்த காலம் அது.

ஹாம்பர்கர் பார்த்ததையே ரீட்டாவும் பார்த்தார். வேறுபாடு இரண்டு இடங்களில் இருந்தது. ரீட்டா கையாண்டது வெள்ளி உப்பால் நரம்பைக் கறுப்பாக்கிக் காட்டும் முறை, லெவியிடம் கற்றது. இளம் நரம்புச் செல்கூட அதில் தனியாகத் தெரியும். அதோடு அவர் முடிவை மட்டும் பார்க்கவில்லை. அடுத்தடுத்த நாள்களில் கருக்களை எடுத்து வரிசையாக எண்ணிக்கொண்டே போனார். அப்போது தெரிந்தது இது: சிறகு மொட்டை நீக்கிய பக்கத்திலும் நரம்புச் செல்கள் வழக்கம்போல உருவாகின்றன, இழை நீட்டத் தொடங்குகின்றன, அதன் பிறகு சாகின்றன. தூண்டுதல் இல்லாததால் பிறக்காமல் போகவில்லை. பிறந்து, போய்ச் சேர இடமில்லாமல் இறக்கின்றன. சிறகு அனுப்புவது பிறக்கச் சொல்லும் செய்தி அல்ல, உயிரோடு இருக்க வைக்கும் ஊட்டம்.

இத்தாலியப் பத்திரிகைகள் யூதர்களின் கட்டுரையை ஏற்காது என்பதால் இதை லெவியோடு சேர்ந்து 1942-ல் பெல்ஜியத்தில் வெளியிட்டார். 1943-ல் ஜெர்மானியர் இத்தாலிக்குள் வந்ததும் குடும்பத்தோடு புளோரன்ஸில் பொய்ப்பெயரில் ஒளிந்திருந்தார். போர் முடிந்தது. 1946-ல் ஜுசெப்பே லெவிக்கு செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரீட்டா சில மாதங்கள் வந்து தங்கி, இருவரையும் பிடித்திருந்த அந்தக் கேள்வியைச் சேர்ந்து ஆராய இயலுமா என்று ஹாம்பர்கர் கேட்டிருந்தார்.

இந்த நட்பின் முதல் கடிதமாக நான் எண்ணுவது இதைத்தான். ஒரு துறைத் தலைவர், தன்னைவிட இளையவர், பெண், போரில் தோற்ற நாட்டில் படுக்கையறையில் வேலை செய்தவர், தன் விளக்கம் தவறு என்று அச்சில் சொன்னவர், அப்படிப்பட்ட ஒருவருக்கு இடம் கொடுக்க முன்வந்தார். மறுப்புக் கட்டுரை எழுதியிருக்கலாம், பேசாமலும் இருந்திருக்கலாம். இரண்டையும் செய்யாததை நான் சாதாரண நற்குணம் என்று சொல்லமாட்டேன். தன் நாட்டிலிருந்து நீக்கப்பட்டதைக் கடிதத்தில் படித்தவர் அவர். அடுத்தவருக்கு ஒரு கடிதம் என்ன செய்யும் என்பதை அறிந்தவர்.

1947 செப்டம்பரில் துல்பெக்கோவும் ரீட்டாவும் ஜெனோவாவில் ஒரே கப்பலேறி அமெரிக்கா போனார்கள். சில மாதம் என்று கிளம்பிய ரீட்டா அந்தப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றது 1977-ல்.

போன புதிதில் வேலை அவருக்கு மனநிறைவு தரவில்லை. பிறகு ஒரு நாள், கோழிக்கருவின் தண்டுவடச் சீவல்களைப் பருவ வரிசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, செல்கள் அசையாமல் இருக்கும் ஒரு திசுவாக இல்லாமல், படை நகர்வதைப் போல ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் கூட்டமாக இடம்பெயர்வது அவருக்குத் தெரிந்தது. இன்னொரு இடத்தில் ஏராளமான செல்கள் செத்துக்கிடந்தன, அவற்றைத் துப்புரவுச் செல்கள் அள்ளிக்கொண்டிருந்தன. சில மணி நேரம் கழித்து எடுத்த கருவில் அந்தச் சடலங்களின் தடயம்கூட இல்லை. இத்தனை காலம் மற்றவர்கள் இதைத் தவறவிட்டதற்குக் காரணம் அதுதான். சரியான மணியில் பார்த்தால்தான் சாவு தெரியும். ரீட்டா ஓடிப்போய் ஹாம்பர்கரை அழைத்துவந்து காட்டினார்.

ஹாம்பர்கர் நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்தார், ஏற்றுக்கொண்டார். 1949-ல் இருவர் பெயரிலும் வந்த கட்டுரை, முள்ளந்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் (நரம்புச் செல்கள் கொத்தாக இருக்கும் இடங்களில்) செல்கள் பெருகுவதையும் உருப்பெறுவதையும் அழிவதையும் சேர்த்து விவரிக்கிறது. சிறகோ காலோ இல்லாத கழுத்து, மார்புப் பகுதி முடிச்சுகளில் இயல்பான கருவிலேயே செல்கள் பெருமளவு சாகின்றன என்று அது காட்டியது. வளரும் உடலில் சாவும் ஒரு வேலை என்பதற்கு ஆரம்பகாலத்தில் கிடைத்த உறுதியான சான்றுகளில் ஒன்று இது. 1934-ல் தான் சொன்ன விளக்கத்தை ஹாம்பர்கர் தன் பெயரிட்டே திருத்திக்கொண்ட கட்டுரையும் இதுதான்.

அடுத்தது புற்றுக்கட்டி. ஹாம்பர்கரிடம் முன்பு பயின்ற எல்மர் பூக்கர், சார்கோமா 180 என்ற எலிப் புற்றுக்கட்டியைக் கோழிக்கருவின் உடலில் ஒட்டவைத்தபோது, பக்கத்து நரம்பு முடிச்சுகள் பெரிதாகிக் கட்டிக்குள் இழை அனுப்பியதாக 1948-ல் எழுதினார். ஹாம்பர்கரும் ரீட்டாவும் அதைத் திரும்பச் செய்தார்கள். விளைவு பூக்கர் சொன்னதைவிட விசித்திரமாக இருந்தது. தொலைவில் இருந்த பரிவு நரம்பு (உள்ளுறுப்புகளைத் தானாக இயக்கும் நரம்பு) முடிச்சுகளும் பலமடங்கு வீங்கின. நரம்பு இழைகள் இரத்தக் குழாய்க்குள்ளேயே புகுந்திருந்தன. கட்டியைக் கருவின் உடலில் வைக்காமல், கருவைச் சூழ்ந்த சவ்வின்மேல் வைத்துப் பார்த்தார்கள். கட்டிக்கும் கருவுக்கும் தொடர்பு இரத்தம் மட்டுமே. அப்போதும் முடிச்சுகள் பெருத்தன. கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து பரவுகிறது என்பது உறுதியானது.

அந்தப் பொருளைக் கருவுக்குள் தேடுவது ஆகிற காரியமில்லை. கரு வளர நாள்கணக்காகும். கண்ணாடித் தட்டில் நரம்பு முடிச்சையும் கட்டித் துண்டையும் அருகருகே வளர்த்தால் ஒரே நாளில் விடை தெரியும். செயின்ட் லூயிஸில் அந்த வசதி இல்லை. ரியோ டி ஜெனிரோவில் கார்லோஸ் ஷாகஸ் ஃபில்யோவின் உயிர் இயற்பியல் நிறுவனத்தில் ஹெர்தா மேயர் திசு வளர்ப்பு ஆய்வகம் நடத்திவந்தார். ஹெர்தாவும் ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர், டுரினில் லெவியிடம் வேலை செய்தவர். 1952 செப்டம்பரில் ரீட்டா ரியோவுக்கு விமானம் ஏறினார். புற்றுக்கட்டி வைத்த இரண்டு எலிகளையும் சிறு பெட்டியில் போட்டுக் கையோடு கொண்டுபோனார். வழியில் தின்ன ஆப்பிள் துண்டும் பெட்டிக்குள் இருந்தது.

நீங்கள் கேட்ட கடிதங்கள் இங்கே ரியோவில்தான் எழுதப்பட்டன. 1953 ஜனவரி வரை அங்கே இருந்த மாதங்களில் ரீட்டா ஹாம்பர்கருக்கு அடிக்கடி எழுதினார். பின்னாளில் தன்வரலாற்றில் அவற்றின் பகுதிகளைச் சேர்த்திருக்கிறார். (தாய்க்கும், ஓவியராக இருந்த இரட்டைச் சகோதரி பாவோலாவுக்கும் அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதங்கள் தனி நூலாக வந்துள்ளன. ரீட்டாவின் மனநிலையை அறிய அவை நல்ல வழி. ஆய்வின் போக்கை அறிய ரியோ கடிதங்கள்தான்.)

ஹாம்பர்கருக்கு எழுதியவற்றில் ஏமாற்றமும் மறைக்காமல் இருக்கிறது. எலியிலிருந்து நேராக எடுத்த கட்டித் துண்டுகள் முதலில் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. கோழிக்கருவில் ஒருமுறை வளர்த்தெடுத்த கட்டியை வைத்தபோதுதான் அது நடந்தது. ஒரே நாளுக்குள் நரம்பு முடிச்சைச் சுற்றி இழைகள் எல்லாத் திசையிலும் அடர்ந்து கிளம்பின. சூரியனைச் சுற்றிக் கதிர் வரைவதைப் போல ஓர் ஒளிவட்டம். அந்த வட்டத்தை ரீட்டா கருப்பு மையால் கடிதத்திலேயே வரைந்து அனுப்பினார்.

அந்தப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஆய்வகத்தில் ரெக்கார்டு நோட்டில் படம் வரையச் சொன்னால், மாணவர்கள் புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து வரைந்துவிடுவார்கள். நுண்ணோக்கியில் தெரிவதை வரைய வேண்டும் என்றால் எது எங்கே தொடங்குகிறது, எது எதன்மேல் போகிறது, கட்டியை நோக்கிய பக்கத்தில் இழை அடர்த்தியா, எதிர்ப்பக்கத்தில் அடர்த்தியா என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்தாக வேண்டும். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் அந்தக் கோடுகளை மட்டும் வைத்துத்தான் நம்பப்போகிறார். 1947-ல் கையைப் பிடித்து அழைத்துவந்து, இதோ பாருங்கள் என்று காட்ட முடிந்தது. ரியோவில் அது முடியாது. ஆகவே அன்றைய நுண்ணோக்கியின் வேலையைக் கடிதம் செய்தது. எழுதியவருக்கும் அதனால் நன்மை உண்டு. யாருக்குச் சொல்கிறோமோ அவருடைய சந்தேகங்களை முன்கூட்டியே நினைத்துப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. ஹாம்பர்கர் எதைக் கேட்பார் என்பது ஐந்து வருடம் ஒரே மேசையில் வேலை செய்த ரீட்டாவுக்குத் தெரியும்.

கேட்கக்கூடியது ஒன்று உடனே வந்தது. புற்று இல்லாத சாதாரண எலித் திசுவை வைத்தாலும் ஓரளவு ஒளிவட்டம் வந்தது. கட்டிக்கே உரிய பொருள் என்று நினைத்திருந்த ரீட்டாவுக்கு இது பெரிய அடி. அதையும் மறைக்கவில்லை. நல்ல முடிவை மட்டும் எழுதி, குழப்பத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் ஆய்வு உலகில் இருக்கிறது. அதைச் செய்யாமல் இருக்கக் கடிதம் பெறுபவர்மேல் பெரிய நம்பிக்கை வேண்டும். ரியோ வேலை 1954-ல் கட்டுரையாக வந்தபோது அதில் மூன்று பெயர்கள்: லெவி-மொந்தால்சினி, மேயர், ஹாம்பர்கர். ரியோவுக்கே போகாத ஹாம்பர்கரின் பெயர் எப்படி அதில் வந்தது என்று கேட்பவர்களுக்கு என் பதில், கேள்வி உருவானது செயின்ட் லூயிஸில், விடையின் ஒவ்வொரு படியும் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான் என்பது.

இதற்குப் பிறகான பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாம்பர்கரின் துறையில் 1953-ல் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹென் சேர்ந்தார். அந்தப் பொருள் புரதமா, நியூக்ளிக் அமிலமா என்று அறிவதற்காக, நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி கொண்ட பாம்பு விஷத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். விஷமே கட்டியைவிடப் பன்மடங்கு வீரியத்தோடு ஒளிவட்டத்தை உண்டாக்கியது. விஷச் சுரப்பிக்கு இணையானது உமிழ்நீர்ச் சுரப்பி என்ற எண்ணத்தில் எலியின் சுரப்பியைச் சோதித்தார் கோஹென். ஆண் எலியில் அந்தப் பொருள் ஏராளமாக இருந்தது. ரியோவில் ரீட்டாவைக் கலங்கவைத்த சாதாரண எலித் திசுவுக்கும் இதோடு ஒரு விளக்கம் கிடைத்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்று இன்று பாடநூல்களில் இருப்பது இதுதான்.

இந்த வேதியியல் கட்டத்தில் ஹாம்பர்கர் விலகி நின்றார். அவர் கருவை முழுதாகப் பார்ப்பவர், புரதத்தைப் பிரித்தெடுப்பவர் அல்லர். பிறகு அவர் முட்டைக்குள் கோழிக்கரு தானாகவே அசைவதை ஆராயப் போய்விட்டார். கோஹென் 1959-ல் வேறு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ரீட்டா 1960-களின் தொடக்கத்திலிருந்து ரோமிலும் ஓர் ஆய்வகம் அமைத்து, இரண்டு ஊருக்கும் நடுவில் காலத்தைப் பங்கிட்டார். யாரும் யாரையும் தள்ளவில்லை. வேலை வேறு வேறு திசையில் போனது.

1983-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் தரும் ஹார்விட்ஸ் பரிசு கோஹென், ஹாம்பர்கர், லெவி-மொந்தால்சினி மூவருக்கும் சேர்த்துத் தரப்பட்டது. 1986-ல் நோபல் வந்தபோது கோஹெனும் ரீட்டாவும் மட்டும். நோபலை ஒரே துறையில் மூவர் வரை பகிரலாம். அந்த ஆண்டு மருத்துவத்தில் மூன்றாவது இடம் காலியாகவே விடப்பட்டது. வேறு யாருக்கோ கொடுத்ததால் ஹாம்பர்கருக்கு இல்லாமல் போகவில்லை. அதனால்தான் இந்த விடுபடல் கூடுதலாக உறுத்துகிறது. அடுத்த ஆண்டே நரம்பியலாளர்கள் டேல் பர்வஸும் ஜோஷுவா சேன்ஸும் ஒரு கட்டுரையில் இதைக் கேள்வி கேட்டார்கள். பரிசு ‘வளர்ச்சிக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்காக’ என்று அறிவிக்கப்பட்டது. அப்படிச் சொன்னால் பொருளைப் பிரித்தெடுத்த கைகள் தெரியும். அந்தப் பொருளைத் தேட வேண்டும் என்ற கேள்வியை உருவாக்கிய கை தெரியாது. என் கருத்தைக் கேட்டால், அது பெரிய அநீதி. ஆனால் அநீதியைச் செய்தது ஸ்டாக்ஹோமில் கூடிய குழு, ரீட்டா அல்லர். பெறுபவர் பட்டியலை எழுதுவதில்லை.

ரீட்டாமேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அது வேறு. பரிசுக்கு முன்னும் பின்னும் அவர் சொன்ன கதைகளில் ஹாம்பர்கரின் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஹாம்பர்கரை அன்போடும் மரியாதையோடும் எழுதுகிறார், சந்தேகமில்லை. அந்த அன்பில் அவர் ஒரு நல்ல மூத்தவராக, வரவேற்றவராக, வாசலில் நிற்பவராக ஆகிவிடுகிறார். கூட உட்கார்ந்து சிந்தித்த ஆய்வாளராக இல்லை. ஹாம்பர்கரைப் புண்படுத்தியது பரிசைவிட இதுதான் என்று நான் நம்புகிறேன். அவருக்கு மனத்தாங்கல் இருந்தது, நட்பு பழைய நெருக்கத்தோடு இருக்கவில்லை. ரீட்டாவின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். எந்த அறையிலும் ஆண்களின் உதவியாளராகவே பார்க்கப்பட்ட ஒரு தலைமுறைப் பெண் அவர். உங்கள் கேள்வியிலேயே அவர் ‘மாணவி’யாகத்தான் வந்திருக்கிறார். அந்தச் சொல்லை வாழ்நாள் முழுவதும் கேட்டவர், தன் பங்கைச் சொல்லும்போது அழுத்திச் சொல்வார். அது புரிகிறது. புரிவதால் ஹாம்பர்கரின் வலி குறைந்துவிடாது.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: துரோகம் இல்லை. நெருக்கமான நட்பு இருந்தது, அதற்கு 1946 கடிதமும் ரியோ கடிதங்களும் சாட்சி. கடைசியில் அது காயப்பட்டது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஹாம்பர்கர் 2001-ல் நூறு வயது கடந்து செயின்ட் லூயிஸில் மறைந்தார். ரீட்டா 2012-ல் 103 வயதில் ரோமில் மறைந்தார்.

பரிசைப் பற்றிய சர்ச்சையைவிட, 1981-ல் வந்த ஒரு கட்டுரையை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். துறைப் பொறுப்புகளிலிருந்து விடுபட்டபின் ஹாம்பர்கர், ரீட்டா 1940-களில் எழுப்பிய கேள்விக்கே திரும்பினார். இயல்பான கருவில் எத்தனை நரம்புச் செல்கள் சாகின்றன என்று 1975-ல் எண்ணிச் சொன்னார். பிறகு வளரும் கோழிக்கருவுக்கு நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்து, முள்ளந்தண்டு முடிச்சுகளில் சாக வேண்டிய செல்கள் சாகாமல் பிழைப்பதைக் காட்டினார். அஸ்தியின் குன்றுகளில் முட்டை தேடி அலைந்த பெண் சொன்னது சரி என்று, அவர் கண்டெடுத்த பொருளைக் கொண்டே, அவரோடு முதலில் உடன்படாதவர் செய்துகாட்டிய சோதனை அது. அந்தக் கட்டுரை வந்தபோது ஹாம்பர்கருக்கு வயது 80.